அலிசன் மோயேயைக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை முதன்மையாகக் கொண்ட சிந்த்-பாப் இசை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இயந்திரத்தோடு இயந்திரமாக ஒலிக்கும் ஓர் ஆண்குரல். கேரி நியூமன் தொடங்கி ஹியூமன் லீக் குழுவின் ஃபிலிப் ஓக்கி வரை, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் புகழ்பெற்ற சிந்தசைசர் பாடகர்கள் பலர் அந்தக் குளிர்ந்த முறையில்தான் பாடினார்கள். பிரிட்டிஷ் பாடகி அலிசன் மோயே அதே கருவிகளுக்கு நடுவே நின்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸ் மரபில் ஊறிய, கனத்த கீழ்ஸ்தாயிக் குரலில் பாடினார். இயந்திரம் தன் போக்கில் போகும். குரல் அதனோடு கரையாமல் அதன் மேல் தனியாக நிற்கும். அவருடைய சிறந்த பாடல்கள் எல்லாவற்றிலும் இன்பம் தருவது இந்த ஒட்டாத தன்மையே என்பது என் கருத்து. அதைக் காதால் கண்டுகொள்ளக் கற்றுக்கொள்வதே கீழ்க்காணும் படிகளின் நோக்கம்.

ஒரு கலைஞரைப் புதிதாகக் கேட்பவர்கள் இயல்பாக எடுக்கும் முடிவு, முதல் ஆல்பத்தில் தொடங்கிக் கடைசி ஆல்பம் வரை வரிசையாகக் கேட்பது. மோயே விஷயத்தில் அதை நான் பரிந்துரைக்கவில்லை. அப்படிக் கேட்பவர் 1984, 1987 ஆண்டுகளின் பளபளப்பான ஆல்பங்களை அடையும்போது, "இவரும் அக்காலத்துப் பாப் பாடகர்களில் ஒருவர்தானோ" என்று எண்ணி நின்றுவிட வாய்ப்புண்டு. 'சிங்கிள்ஸ்' என்ற 1995ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து தொடங்குவதும் அதே காரணத்தால் சரியன்று. அது பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பெற்ற தொகுப்பு என்றாலும், வெவ்வேறு காலத்து வெவ்வேறு நோக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. எனவே இங்கே தரப்படும் வரிசை முன்னும் பின்னும் தாவிச் செல்லும்.

தொடங்குமுன் செய்துகொள்ள வேண்டியவை

முதலாவது, ஹெட்போன். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். மோயேயின் குரலிலும் சரி, அதற்குக் கீழே ஓடும் சிந்தசைசரின் பேஸ் வரியிலும் சரி, முக்கியமானவை அங்கேதான் இருக்கின்றன. விலையுயர்ந்தது தேவையில்லை, இடது, வலது காதுகளில் ஒலி தெளிவாகப் பிரிந்து கேட்டால் போதும்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். மோயேயும் வின்ஸ் கிளார்க்கும் சேர்ந்து நடத்திய இருவர் குழுவுக்குப் பிரிட்டனில் யாஸூ என்று பெயர். அமெரிக்காவில் பழைய புளூஸ் இசைத்தட்டுகளை மறுபதிப்புச் செய்துவந்த ஒரு சிறு நிறுவனம் ஏற்கெனவே அந்தப் பெயரைக் கொண்டிருந்ததால், அங்கே மட்டும் இக்குழு யாஸ் என்று அழைக்கப்பட்டது. இணையத்தில் தேடுபவர் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். கண்ணில் படும் ரீமிக்ஸ்களை (பின்னாளில் மாற்றியமைத்த பதிவுகளை) முதலில் ஒதுக்கிவிட்டு, 1982, 1983 ஆண்டுகளின் மூலப் பதிவுகளையே தேர்ந்தெடுப்பது நல்லது. பின்னாளில் சேர்க்கப்பட்ட தாளக்கட்டுகள், அந்த இசையில் இருந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகின்றன. நாம் கேட்க வந்ததே அந்த வெற்றிடத்தைத்தான்.

முதல் படி: 'ஒன்லி யூ' பாடலை மூன்று முறை கேளுங்கள்

மோயே 1961 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பில்லரிக்கே என்ற ஊரில், பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள பேசில்டனில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டன் மக்களைக் குடியமர்த்துவதற்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட புதுநகரங்களில் அதுவும் ஒன்று. டெபெஷ் மோட் என்ற புகழ்பெற்ற சிந்த்-பாப் குழுவும் அதே ஊரில்தான் உருவானது. 16 வயதில் பள்ளியை விட்ட மோயே கடையில் வேலை செய்தார். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலுக்கும் பயிற்சி பெற்றார். பங்க் இசைக் குழுக்களிலும், பின்னர் மதுக்கூடங்களில் வாசிக்கும் ரிதம் அண்ட் புளூஸ் குழுக்களிலும் பாடினார். சிந்தசைசர் அவருடைய உலகத்தில் இல்லவே இல்லை. ஒரு புளூஸ் குழுவில் சேர விரும்பி 'மெலடி மேக்கர்' இதழில் அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துத் தொடர்புகொண்டவர்தான் வின்ஸ் கிளார்க்.

கிளார்க் 1981 இறுதியில் டெபெஷ் மோட்டை விட்டு வெளியேறியிருந்தார். அக்குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் அவரே. கையில் ஒரு புதிய பாட்டு இருந்தது. அதை மாதிரிப் பதிவாகப் பாடிக்காட்ட ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தப் பாட்டுத்தான் 'ஒன்லி யூ'. டேனியல் மில்லரின் மியூட் இசைத்தட்டு நிறுவனம் 1982 மார்ச்சில் அதை வெளியிட்டபோது மோயேக்கு வயது 20. பிரிட்டன் தரவரிசையில் அது 2ஆம் இடம் வரை சென்றது. மறு ஆண்டு ஃப்ளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு எந்த இசைக்கருவியும் இல்லாமல் வாயாலேயே அதைப் பாடி, 1983 கிறிஸ்துமஸ் காலத்தில் முதலிடம் பிடித்தது.

முதல் முறை கேட்கும்போது குரலை மறந்துவிட்டு இயந்திரத்தை மட்டும் பின்தொடருங்கள். கிளார்க் அக்காலத்தில் அதிகம் பயன்படுத்திய சிந்தசைசர்களில் ஒன்று சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் புரோ-ஒன். அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கக்கூடிய கருவி. பியானோவில் பத்து விரல்களால் ஒரே அழுத்தில் கூட்டுச்சுரம் எழுப்புவது போல அதில் எழுப்ப முடியாது. எனவே தனித்தனி ஒற்றை வரிகளைப் பதிவுசெய்து, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழுமாறு பின்னி, அதன் வழியாகவே கூட்டுச்சுரத்தின் உணர்வை உண்டாக்க வேண்டும். 'ஒன்லி யூ' தொடங்கும்போது கேட்கும் சிறுசிறு சுரங்களின் ஓட்டம் அப்படிப் பின்னப்பட்டதுதான். இந்தப் பாடல் இவ்வளவு மெலிதாக, காற்றோட்டமாக ஒலிப்பதற்குக் கருவியின் குறைபாடே பெரிய காரணம்.

இரண்டாம் முறை குரலை மட்டும் கேளுங்கள். காதல் முறிந்தவரின் பாட்டு என்பதால் ஓங்கிக் கதறலாம். மோயே அப்படிச் செய்யவில்லை. குரலின் முழு வலிமையைக் காட்டாமல் அடக்கி வைத்திருப்பது தெரியும். வரியின் கடைசிச் சொல்லை எங்கே விடுகிறார், எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனியுங்கள்.

மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது காலப்பிரமாணத்தில் காதை வையுங்கள். சீக்வென்சர் என்பது எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே உள்ளிட்டதை அப்படியே திரும்ப இசைக்கும் கருவி. அது பாடகருக்காகக் காத்திருக்காது, பாடகரோடு சேர்ந்து வேகம் கூட்டாது. புளூஸ் பாடகரோ தாளத்துக்கு ஒரு நூலிழை பிந்தி வந்து சொல்லை இறக்குவார். உடன் வாசிப்பவர்கள் மனிதர்களாக இருந்தால் அவர்களும் சற்று வளைந்து கொடுப்பார்கள். இங்கே வளைந்து கொடுக்க யாருமில்லை. முழுப் பாட்டின் ஏற்ற இறக்கத்தையும் குரல் ஒன்றே சுமக்கிறது. இது காதில் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் எளிது.

இரண்டாம் படி: 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' ஆல்பத்தை முழுமையாக, வரிசை மாற்றாமல்

1982 ஆகஸ்டில் வெளியான இந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் 2ஆம் இடம் பெற்றது. பதிவு நடந்த பிளாக்விங் ஸ்டுடியோ, தெற்கு லண்டனில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடத்தில் இயங்கியது. ஆல்பத்தின் பெயரிலுள்ள எரிக், அந்த ஸ்டுடியோவை நடத்திய ஒலிப்பதிவாளர் எரிக் ராட்கிளிஃப்.

பாடல்களை எழுதியவர் யார் என்று பார்த்துக்கொண்டே கேட்பது பயன்தரும். கிளார்க்கின் பாடல்கள் சிறிய, கச்சிதமான மெட்டுகளால் ஆனவை. முதலில் வரும் 'டோன்ட் கோ' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் வரும் அந்தச் சிந்தசைசர் வரி ஒருமுறை கேட்டவர் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். தனிப்பாடலாக (சிங்கிள்) அது 3ஆம் இடம் பெற்றதில் வியப்பில்லை. ஆனால் புதியவர் அதிக நேரம் செலவிட வேண்டியது மோயே எழுதிய 'மிட்நைட்', 'விண்டர் கில்ஸ்' ஆகிய இரண்டிலும்தான். 'மிட்நைட்' ஒரு சோல் பாட்டு. அதை ஒரு கித்தார், ஒரு ஆர்கன், ஒரு டிரம் கலைஞர் என்று வழக்கமான குழுவோடு பதிவு செய்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கும், ஆனால் நூற்றில் ஒன்றாகியிருக்கும். இங்கே இயந்திரத்தின் மெல்லிய சட்டகத்துக்குள் அந்தக் குரல் வரும்போது, ஓர் ஆள் வெறும் அறையில் தனியாகப் பாடுவது போல இருக்கிறது. 'விண்டர் கில்ஸ்' அதைவிட இருண்டது. பியானோவின் சில சுரங்களே போதும் என்று நிறுத்திக்கொண்ட அந்தப் பாட்டில் மோயே பாடும் சுருதி மிகத் தாழ்ந்தது. ஹெட்போனை வலியுறுத்தியதன் காரணம் இங்கே விளங்கும்.

நடுவில் 'ஐ பிஃபோர் ஈ எக்ஸெப்ட் ஆஃப்டர் சி' என்ற பெயரில் பேச்சுத் துணுக்குகளை வெட்டி அடுக்கிய ஒரு பதிவு வரும். முதல் முறை அதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாம் முறையிலிருந்து தாண்டிச் செல்வதில் குற்றமில்லை. பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் படி: 'சிச்சுவேஷன்', பிறகு ஒரு சிரிப்பு

இந்தப் பாடல் பிரிட்டனில் 'ஒன்லி யூ' இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒரு துணைப்பாடலாகவே வெளிவந்தது. ஆனால் ஃப்ரான்சுவா கெவோர்க்கியனின் ரீமிக்ஸ் வழியாக அமெரிக்க நடனக்கூடங்களில் பரவி, அங்கே நடனப் பாடல்களுக்கான தரவரிசையில் முதலிடம் பெற்றது. பாடலில் மோயே வாய்விட்டுச் சிரிக்கும் ஓர் இடம் உண்டு. 1996இல் உலகெங்கும் திருமண விருந்துகள் வரை ஒலித்த 'மாக்கரேனா'வின் பேசைட் பாய்ஸ் ரீமிக்ஸில் கேட்கும் பெண் சிரிப்பு, இந்தப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆகவே மோயேயை நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நான்காம் படி: 'யூ அண்ட் மீ போத்'

இரண்டாவது ஆல்பம் 1983 ஜூலையில் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது, அதை உருவாக்கிய குழு இல்லாமல் போயிருந்தது. இருவரும் நண்பர்களாக இருந்து குழு தொடங்கியவர்கள் அல்லர். ஒருவரையொருவர் சரியாக அறிந்துகொள்ளும் முன்பே புகழ் வந்துவிட்டது. மனம் விட்டுப் பேசும் பழக்கமும் இருவருக்கும் இல்லை. இந்த ஆல்பத்தின் வேலையைப் பெரும்பாலும் தனித்தனி நேரங்களில் வந்து முடித்தார்கள். 'ஹேப்பி பீப்பிள்' என்ற பாடலை மோயே பாட மறுத்ததால் கிளார்க்கே பாடியிருக்கிறார். அந்த ஒரு பாட்டைக் கேட்டாலே, மற்றப் பாடல்களுக்கு மோயே என்ன சேர்த்தார் என்பது உடனே புரிந்துவிடும்.

இங்கே தவறவிடக் கூடாதவை 'நோபடீஸ் டைரி'யும் 'மிஸ்டர் புளூ'வும். முன்னது மோயே தம் பதின்வயதில் எழுதிய பாட்டு. தனிப்பாடலாக 3ஆம் இடம் பெற்றது. கிளார்க் எழுதிய சிறந்த பாடல்களுக்குச் சற்றும் குறையாத மெட்டு அதில் உண்டு. "கிளார்க் இசையமைப்பாளர், மோயே குரல்" என்று இந்தக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்பவர்கள் இந்தப் பாடலை மறந்துவிடுகிறார்கள். ஒலியிலும் வேறுபாடு தெரியும்: முதல் ஆல்பத்தின் கரடுமுரடு குறைந்து, ஃபேர்லைட் போன்ற விலைமிகுந்த கணினிக் கருவிகளின் மெருகு வந்திருக்கிறது. என் காதுக்கு முதல் ஆல்பமே மேல். ஆனால் மோயேயின் பாடும் திறன் இதில் ஒரு படி உயர்ந்திருப்பதை மறுக்க முடியாது.

கிளார்க்கின் கதையை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவர் 1985இல் ஆண்டி பெல்லோடு இரேஷர் குழுவைத் தொடங்கி, நீண்டகாலம் வெற்றிகரமாக நடத்தினார் என்பது தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: 30 ஆண்டுகளைத் தாண்டி 2013க்குச் செல்லுங்கள்

புதியவர் பெரும்பாலும் செய்யாததும் நான் மிக வலியுறுத்துவதும் இந்தத் தாவலைத்தான். 'தி மினிட்ஸ்' ஆல்பம் 2013 மே மாதம் வெளியானது; பிரிட்டனில் 5ஆம் இடம் பெற்றது. அவருக்கு அப்போது வயது 51. உடன் பணியாற்றிய கை சிக்ஸ்வர்த், பாடகியர் பியோர்க், மடோனா ஆகியோருடன் பணிபுரிந்தவர். இமோஜென் ஹீப்புடன் சேர்ந்து ஃப்ரூ ஃப்ரூ என்ற இருவர் குழுவை நடத்தியவர். யாஸூவுக்குப் பிறகு மோயே முழுமையாக மின்னிசைக்குத் திரும்பியது இந்த ஆல்பத்தில்தான். ஆனால் எண்பதுகளின் ஒலியை நகலெடுக்கும் முயற்சி இதில் இல்லை. இப்போதைய கணினிக் கருவிகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்ற கட்டுப்பாடு கிடையாது. எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த வசதி இருந்தும் எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்று தெரிந்து விட்டிருக்கிறார்கள்.

'ஹொரைசன் ஃப்ளேம்', 'வென் ஐ வாஸ் யுவர் கேர்ள்', 'ஃபிலிகிரீ' என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். முதலாவதில் ஒலியடுக்குகள் மெல்ல மெல்லச் சேர்ந்து வருவதையும், குரல் அவற்றுக்கு இடம்கொடுத்துத் தள்ளி நிற்பதையும் கவனிக்கலாம். இரண்டாவதில் பல்லவி விரிந்து எழும் இடத்தில் அந்தப் பழைய வலிமை முழுமையாக வெளிப்படுகிறது. 'ஃபிலிகிரீ'யில் மாறாகக் குரல் அடங்கி, பேச்சுக்கு அருகே வந்துவிடுகிறது. பிறகு 'ஒன்லி யூ'வுக்குத் திரும்பிச் சென்று ஒருமுறை கேட்டால், 20 வயதில் உள்ளுணர்வால் செய்ததை 51 வயதில் தெரிந்து செய்கிறார் என்பது விளங்கும். வரிசைப்படி கேட்பவருக்கு இந்த ஒப்பீடு கிடைப்பதற்குள் ஏழெட்டு ஆல்பங்கள் கடந்திருக்கும்.

இதன் தொடர்ச்சியான 'அதர்' 2017இல் வெளிவந்தது, தயாரிப்பாளரும் அதே சிக்ஸ்வர்த்தான். இதில் இசையைவிடப் பாடல் வரிகள் முன்னே வந்து நிற்கின்றன. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. மோயே எழுதும் ஆங்கிலம் செறிவானது, முதல் கேட்பில் முழுதும் பிடிபடாது. 'ஏப்ரல் டென்த்' கிட்டத்தட்ட முழுவதும் பேச்சாகவே அமைந்தது. 'தி ரேரெஸ்ட் பேர்ட்ஸ்' இந்த ஆல்பத்தின் உச்சம் என்பேன்.

ஆறாம் படி: இப்போது 1984க்குத் திரும்பலாம்

யாஸூ கலைந்த பிறகு சிபிஎஸ் என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்த மோயே, தம் பட்டப்பெயரையே தலைப்பாக்கி 'ஆல்ஃப்' ஆல்பத்தை 1984 இறுதியில் வெளியிட்டார். அது பிரிட்டனில் முதலிடம் பெற்றது. தயாரிப்பாளர்கள் ஸ்டீவ் ஜோலி, டோனி ஸ்வெய்ன் இருவரும் பனனராமா, ஸ்பாண்டா பாலே போன்ற குழுக்களுக்கு வெற்றிப் பாடல்களைப் பதிவுசெய்தவர்கள். சிந்தசைசர் இங்கேயும் இருக்கிறது. ஆனால் அதன் வேலை மாறிவிட்டது. யாஸூவில் குரலுக்கு எதிரே நின்ற இயந்திரம், இங்கே குரலைச் சுற்றி மெத்தென்று விரிக்கப்பட்டிருக்கிறது. இடைவெளிகள் நிரப்பப்பட்டுவிட்டன. இதைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கு ஏமாற்றம் இருக்காது. 'லவ் ரெசரெக்‌ஷன்', 'ஆல் கிரைட் அவுட்' இரண்டும் அந்த ஒலியின் எல்லைக்குள் குறையற்ற பாடல்கள். மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடலாசிரியர்களில் ஒருவரான லமாண்ட் டோசியர் எழுதிய 'இன்விசிபிள்' அமெரிக்காவில் 31ஆம் இடம் வரை சென்றது.

1985இல் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 1940களின் பாடலான 'தட் ஓல்ட் டெவில் கால்ட் லவ்' என்பதை மோயே மீண்டும் பாடினார். அது பிரிட்டனில் 2ஆம் இடம் பெற்றது. யாஸூவுக்குப் பின் அவர் தனியாக வெளியிட்ட சிங்கிள்களில் பிரிட்டனில் அதிக உயரத்துக்குப் போனது அதுவே. அந்த ஆண்டு ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் பாடகர் பால் யங்குடன் இணைந்து பாடினார். பிரிட் விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் பாடகி என்ற விருது அவருக்கு 1985இலும் 1988இலும் கிடைத்தது. வணிக வெற்றி என்ற அளவில் இதுவே அவருடைய உச்சம்.

1987இன் 'ரெயின்டான்சிங்' ஆல்பத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. 2ஆம் இடம் வரை சென்றது. 'இஸ் திஸ் லவ்?' மூன்றாம் இடமும், 'வீக் இன் த ப்ரெசன்ஸ் ஆஃப் பியூட்டி' ஆறாம் இடமும் பெற்றன. இந்த இரண்டைக் கேட்டால் போதும்; டிரம் ஒலியின் எதிரொலி பெருத்துப் போன அக்காலத் தயாரிப்பில், இவ்வளவு தனித்தன்மை உள்ள குரலும் அடையாளம் மங்கிப்போக முடியும் என்பதற்கு மற்றப் பாடல்கள் சான்று.

ஏழாம் படி: தொண்ணூறுகளும் எட்டாண்டு இடைவெளியும்

1991இன் 'ஹூடூ' ஆல்பத்தில் மோயே பாடல் எழுதுவதைத் தம் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். பீட் கிளெனிஸ்டர் உடன் எழுதினார். கித்தார் முன்னிற்கும் ஆல்பம் இது. 'திஸ் ஹவுஸ்' பாடலை மட்டும் எடுத்துக் கேளுங்கள். அடுத்த 'எசெக்ஸ்' 1994இல் வந்தது. விற்பனைக்கு உகந்ததாக இல்லை என்று கருதிய நிறுவனம், சில பாடல்களை மறுபதிவும் மறுகலவையும் செய்ய வைத்தது. அதற்குள் சிபிஎஸ் சோனியின் கைக்கு மாறியிருந்தது. இந்த இழுபறி வளர்ந்து, ஒப்பந்தத்திலிருந்து விடுபடும் வரை அவரால் புதிய ஆல்பம் வெளியிட முடியாமல் போயிற்று. 1994க்குப் பின் அவருடைய அடுத்த புதிய ஆல்பமான 'ஹோம்டைம்' 2002இல்தான் வெளிவந்தது. இடையில் 2001இல் லண்டன் வெஸ்ட் எண்ட் நாடகமேடையில் 'சிகாகோ' இசைநாடகத்தில் மாமா மார்ட்டன் வேடத்தில் நடித்தார்.

பெரிய பெயர் கொண்ட ஒரு பாடகி, பாட முடிந்த வயதில், புதிய ஆல்பம் இல்லாமல் எட்டு ஆண்டுகளைக் கழித்ததை நினைவில் வைத்துக்கொண்டு 'ஹோம்டைம்' கேட்க வேண்டும். அதில் அவசரம் எதுவுமில்லை. மாஸிவ் அட்டாக் குழுவோடு பணியாற்றிய தி இன்செக்ட்ஸ் இருவர் தயாரித்த இந்த ஆல்பத்தில் தாளம் மெதுவானது, ஒலி மங்கலானது. 'ஷுட் ஐ ஃபீல் தட் இட்ஸ் ஓவர்' பாடலில் தொடங்குங்கள். இந்த ஆல்பம் இல்லாமல் 2013இன் ஆல்பம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. மிகையான மெருகைக் கழற்றி வைக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

எட்டாம் படி: இயந்திரம் இல்லாத குரல்

இது விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். 2004இல் வெளிவந்த 'வாய்ஸ்' பிறர் பாடல்களின் தொகுப்பு. இசை அமைப்பு ஆன் டட்லி. 17ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் இசைநாடகத்தில் அரசி டைடோ இறக்குமுன் பாடும் புலம்பலை மோயே இதில் பாடியிருக்கிறார். ஆபரா பாடகியரின் முறையில் இல்லாமல், தம் சொந்தக் குரலிலேயே. 2007இன் 'தி டர்ன்' ஆல்பத்தில், அதற்கு முந்தைய ஆண்டு அவர் நகைச்சுவை நடிகை டான் ஃப்ரெஞ்சுடன் நடித்த 'ஸ்மாலர்' நாடகத்துக்காக எழுதிய பாடல்களும் இடம்பெற்றுள்ளன. இரண்டுமே நன்றாகப் பாடப்பட்டவை. ஆனாலும் எதிரே நின்று வளைய மறுக்கும் அந்த இயந்திரம் இல்லாதபோது ஏதோ குறைகிறது என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை. வயலின் கூட்டம் பாடகருக்குப் பணிந்துபோகிறது, சீக்வென்சர் பணிவதில்லை.

ஒன்பதாம் படி: ஒரே பாட்டின் இரு பதிவுகளை அருகருகே வைத்துக் கேட்பது

2008இல் மோயேயும் கிளார்க்கும் 25 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இணைந்து ஒரு சுற்றுப்பயணம் சென்றார்கள். இரண்டாவது ஆல்பம் வெளிவருமுன்பே குழு கலைந்துவிட்டதால் அந்தப் பாடல்களை மேடையில் பாடவே வாய்ப்பில்லாமல் போனது. அந்தக் குறையைத் தீர்ப்பதும் மோயேயின் நோக்கமாக இருந்தது. பயணத்தின் பதிவு 'ரீகனெக்டட் லைவ்' என்ற பெயரில் 2010இல் வந்தது. அதிலிருந்து 'நோபடீஸ் டைரி'யை எடுத்து, 1983இன் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இயந்திர வரிகள் ஏறத்தாழ அப்படியே இருக்கும். குரல் தடித்து, முதிர்ந்து, வரிகளின் முடிவில் முன்னைவிட நிதானமாக இறங்கும். பதின்வயதுப் பெண் எழுதிய சொற்களை நடுவயதுப் பெண் பாடும்போது அவற்றின் பொருள் எப்படி மாறுகிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

2014இன் 'மினிட்ஸ் அண்ட் செகண்ட்ஸ்' என்ற மேடைப் பதிவு இன்னொரு வகை ஒப்பீட்டுக்கு உதவும். சிறிய மின்னிசைக் குழுவோடு மேடையேறிய அவர், சிபிஎஸ் காலத்துப் பாடல்களையும் அந்த மெலிந்த ஒலிக்குள் கொண்டுவந்திருக்கிறார். இதே வேலையை ஸ்டுடியோவில் முழுமையாகச் செய்தது 2024 அக்டோபரில் வெளியான 'கீ'. 1984 முதலான தனி ஆல்பங்களிலிருந்து 16 பாடல்களைத் தேர்ந்தெடுத்து, புதிய மின்னிசை அமைப்பில் மறுபடி பாடி, இரண்டு புதிய பாடல்களையும் சேர்த்திருக்கிறார்.

'கீ'யைக் கேட்கும் முறை எளிது. முதலில் 1984இன் 'ஆல் கிரைட் அவுட்'. உடனே 2024இன் 'ஆல் கிரைட் அவுட்'. அடுத்து இரண்டு 'இஸ் திஸ் லவ்?' பதிவுகள். பழைய பதிவில் எந்தக் கருவி நீக்கப்பட்டிருக்கிறது, அது நின்ற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, அல்லது எதுவுமே இல்லையா என்று குறித்துக்கொண்டே போகலாம். பழைய பதிவே பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு வருபவர்களும் உண்டு. அதில் தவறில்லை, 'ஆல் கிரைட் அவுட்' விஷயத்தில் நானும் அந்தப் பக்கம்தான். புதிய பாடல்களில் 'சச் ஸ்மால் ஏல்' பாட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு கிடையாது. இதுவரை பழகிய காதோடு நேராகக் கேட்க வேண்டியதுதான்.